30 ஸ்விட்சுக்கு 34 வருடமா?

தொழிற்சாலையில் பாய்லரையும் கன்வேயரையும் கட்டுப்படுத்துவது பி.எல்.சி. என்கிற சின்னப் பெட்டி. ஸ்விட்சும் சென்சாரும் தரும் தகவலை வைத்து எந்த வால்வைத் திறப்பது, எந்த மோட்டாரை நிறுத்துவது என்று அதுதான் முடிவெடுக்கிறது. முடிவு தப்பினால் மெஷினோடு ஆளும் போய்விடலாம். அதனால் சோதிக்காமல் விட முடியாது.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. ஆன், ஆஃப் என இரண்டே நிலை கொண்ட உள்ளீடுகள் 30 இருந்தால், அவை சேரும் விதங்கள் 107 கோடிக்கும் மேல்! நொடிக்கு ஒன்று சோதித்தாலும் 34 வருடம் ஆகும். ஆக, எல்லோரும் கொஞ்சம்தான் சோதிக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் எது என்பதுதான் கேள்வி.

அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. அவர்கள் பார்த்த மென்பொருள் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு உள்ளீடுகளின் சேர்க்கையிலேயே வெளிப்பட்டன. ஆறுக்கு மேல் தேவைப்படவே இல்லை. அப்படியானால், எந்த இரண்டு உள்ளீட்டை எடுத்தாலும் அவற்றின் 4 சேர்க்கையும் ஒரு தடவையாவது வருகிற மாதிரி பட்டியல் போடலாம். 30 உள்ளீட்டுக்கு 8 சோதனை போதும்!

அத்தோடு கடையைக் கட்டிவிடலாமா? கூடாது. பி.எல்.சி.க்கு ஞாபகம் உண்டு, டைமர் உண்டு. அதே ஸ்விட்சுகளை வேறு வரிசையில், வேறு வேகத்தில் அழுத்தினால் விளைவு மாறும். தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின் 1985 முதல் 1987 வரை 6 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. அவற்றில் சில விபத்துகளுக்குக் காரணம், ஆபரேட்டர் தவறாக அடித்ததை 8 நொடிக்குள் திருத்தியது. நிதானமாகத் திருத்திப் பார்த்த சோதனையில் இது சிக்காது. முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

எனவே, பட்டியலைச் சுருக்கி மிச்சமாகும் நேரத்தை வரிசை, தாமதம், அறுந்த வயர், கரண்ட் போய் வருவது ஆகியவற்றைச் சோதிக்கச் செலவிட வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பில் சிக்கனமே கூடாது. சோதிக்காமல் விட்டது எது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். மெஷின் பக்கத்தில் தினமும் 8 மணி நேரம் நிற்கப்போகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?