அது ஏன் என்னையே பார்க்கிறது?



இணுவிலில் தனியாக வாழும் ஆச்சி ஒருவரைப் பார்க்க மாதம் ஒருமுறை செல்வது என் வழக்கம். கடந்த முறை சென்றபோது, விறாந்தையில் படுத்திருந்த நாயைக் காட்டி, "பிள்ளை, இது நெடுக என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்குது. ஏதும் கெடுதி வரப்போகுதோ?" என்று கேட்டார்.

நாயின் பார்வையைச் சகுனமாக எண்ணிப் பயப்படுவோர் நம்மிடையே பலர். உண்மையில் அது நம்மோடு பேசும் மொழி. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரை அண்டி வாழ்வதால், நம் முகத்தையும் கையையும் கவனிக்க நாய் பழகிவிட்டது.

2003இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள், நாய்களுக்கும் மனிதர் வளர்த்த ஓநாய்களுக்கும் எடுக்க முடியாதபடி உணவை வைத்துப் பார்த்தனர். ஓநாய்கள் தாமே முயன்றுகொண்டிருந்தன. நாய்களோ சிறிது முயன்றுவிட்டு, திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தன. "எனக்கு உதவி செய்" என்பதே அப்பார்வையின் பொருள்.

அன்பினாலும் நாய் பார்க்கிறது. நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்க்கும்போது, இருவரிலும் ஒட்சிரோசின் என்னும் ஓமோன் கூடுவதை 2015இல் யப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். தாயையும் சேயையும் பிணைக்கும் ஓமோனும் இதுவே. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, படலையடியில் நின்று பார்த்த நாய்களைப் பற்றி எங்கள் அம்மாமார் இன்றும் கண்கலங்கிச் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் எல்லாப் பார்வையும் அன்பல்ல. நாய் உடலை விறைப்பாக்கி, சாப்பாட்டின் மேல் நின்றபடி இமைக்காமல் பார்த்தால் அது எச்சரிக்கை. அதன் கண்களை உற்றுப் பார்க்காமல், ஓடாமல், மெதுவாக விலகுங்கள். சாப்பிடும் நாயின் அருகே சிறுபிள்ளைகளை விடாதீர்கள். கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஆச்சியின் நாயிடம் விறைப்பு எதுவும் இல்லை. வாலை மெல்ல ஆட்டியபடியே பார்த்தது.

"எந்த நேரத்திலை கூடப் பார்க்குது, ஆச்சி?"

"மத்தியானத்திலைதான் பிள்ளை."

"மத்தியானம் நீங்கள் என்ன சமைக்கிறனீங்கள்?"

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மகள் கனடாவுக்குப் போனாப் பிறகு நான் ஒருத்திக்கு என்னத்துக்குச் சமையல்? காலமை வாங்கிற பாணோடை சரி" என்றார்.

மகள் இருந்த காலத்தில் மத்தியானச் சோற்றில் ஒரு பிடி நாய்க்கும் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் வந்ததும் அது ஆச்சியின் முகத்தைப் பார்க்கிறது. மாதந்தோறும் அங்கு செல்லும் நான், அவர் மத்தியானத்தில் சாப்பிடுவதில்லை என்பதை ஒருநாளும் கேட்டறியவில்லை. அன்று இருவருமாக அடுப்பை மூட்டினோம். சோறும் பருப்புக் கறியும்தான். மூவரும் சாப்பிட்டோம்.

சகோதரிகளே, பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்துவிட்ட தாய்மார் நம் ஒழுங்கைகள்தோறும் இருக்கிறார்கள். அயல்வீட்டு நாய் காலியான சட்டியருகே காத்துக்கிடப்பதைக் கண்டால், படலையைத் திறந்து உள்ளே சென்று, "ஆச்சி, சாப்பிட்டீங்களோ?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.