சூரியனுக்கு ஒரு பாத்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் மூத்த பெண் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் எம்.எஸ்ஸி. பௌதிகம் சேரப் போறேன். அப்புறம் பிளாஸ்மா ஆராய்ச்சி" என்றாள். கல்லிலிருந்த தோசை கருகியதுதான் மிச்சம்!

"சம்பாத்தியம் எப்போ, கல்யாணம் எப்போ?" என்றார் மாமியார். நியாயமான கேள்விதானே? எனக்கும் மனசுக்குள் அதே கவலைதான். நானோ பத்தாம் வகுப்போடு நின்றவள். பிளாஸ்மா என்றால் ரத்தத்தில் இருப்பது ஒன்றுதான் தெரியும்.

"இது வேற பிளாஸ்மாம்மா" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். சூரியனுக்குள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைவதால்தான் அத்தனை வெயிலும் வருகிறதாம். அதையே பூமியில் செய்து மின்சாரம் எடுக்க வேண்டுமானால், ஏறக்குறைய 15 கோடி டிகிரி சூடு வேண்டும். சூரியனின் நடுவில் இருப்பதைப்போல் பத்து மடங்கு! அந்தச் சூட்டிலிருக்கும் வாயுதான் பிளாஸ்மா.

"சரிடீ, அவ்வளவு சூட்டை எந்தப் பாத்திரத்துல வைப்பாங்க?"

"அதாம்மா கேள்வியே!" என்று குதித்தாள். உலோகங்களிலேயே அதிகச் சூடு தாங்குவது டங்ஸ்டன். அதுவும் 3,422 டிகிரியில் உருகிவிடும். அதனால் பிளாஸ்மா சுவரில் படாதபடி, காந்தசக்தியால் வளையமாகக் கட்டி நிறுத்துகிறார்கள். கல்லைத் தொடாமலே தோசை வார்க்கிற மாதிரி! அந்த இயந்திரத்துக்கு டோக்கமாக் என்று பெயர். அப்படியும் உள்ளிருந்து பாயும் நியூட்ரான்கள் சுவரின் எஃகை நாளடைவில் கெடுத்துவிடுமாம். இதற்கென்றே தனி எஃகு தயாரிப்பதில் நம் கல்பாக்கத்து விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு.

பிறகு ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னாள். பிரதிமன் காவ். 1948-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். 18 வயதிலேயே டில்லி ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம்! அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பெயர் வாங்கியவர், 1982-ல் ஆமதாபாத்துக்குத் திரும்பி வந்தார். காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் கருவி கட்டும் வேலையில் இறங்கினார். 1986-ல் தொடங்கிய காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் டைரக்டர் அவர்தான். 1989-ல் அங்கே 'ஆதித்யா' இயங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் டோக்கமாக் அது.

அடுத்தது இன்னும் பெரியது, 'எஸ்.எஸ்.டி.-1'. குளிர்வித்துப் பார்த்தால் கசிவு! பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டி, 2013-ல்தான் அதில் பிளாஸ்மா வந்தது. அதற்கு முந்தின வருஷமே காவ் டைரக்டர் பதவியிலிருந்து விலகிவிட்டார்.

பிரான்ஸில் பல நாடுகள் கூடிக் கட்டும் 'ஈட்டர்' உலையில் 2005-ல் இந்தியா இடம்பெற முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அந்த உலையைச் சுற்றி நிற்கும் ராட்சத பிளாஸ்க் நம் நாட்டுப் பங்கு. சுமார் 30 மீட்டர் உயரம், 3,800 டன் எடை! அதன் பாகங்கள் குஜராத்தில் ஹஜீராவில் தயாராகிக் கப்பலேறின. 2020-ல் அடிப்பாகத்தை இறக்கி வைத்தார்கள். அதைப் பார்க்க காவ் இல்லை. 2017-லேயே காலமாகிவிட்டார். உலை இன்னும் முடிந்தபாடில்லை.

கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "ஆக, ஒரு விளக்குகூட எரியலையா?" என்றார்.

"இல்லை பாட்டி. ஆனா வழியில வேற பலன் கிடைச்சுது. ஆஸ்பத்திரிக் குப்பையைச் சிதைச்சு அழிக்கிற பிளாஸ்மா கருவி அங்கேதான் உருவாச்சு. அங்கோரா முயல் ரோமத்தைச் சுலபமா நூற்கவும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க."

மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க மாமனார் வெச்ச தென்னையிலதான் நாம தேங்காய் பறிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சகோதரிகளே, என் கவலை முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சம்பாத்தியம் தாமதமாகும், அக்கம்பக்கம் பேசும். ஆனாலும் வளையலுக்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்தை அவள் எம்.எஸ்ஸி. சேர ஒதுக்கிவிட்டேன். "பாதியில விட்டுட்டு வரக்கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்.

உங்கள் பெண்ணும் ஒருநாள் புரியாத படிப்பைப் பற்றிப் பேச அடுக்களைக்குள் வருவாள். உடனே 'வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள். அடுப்பைத் தணித்துவிட்டு, முழுக்கக் கேளுங்கள். என்னைப்போல் ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்.