மழை விடுமுறையும் உழைப்பாளர் குடும்பமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை தோன்றியிருப்பதாக வானிலை ஆய்வு மையம் தெரிவித்தவுடன், மக்கள் அடுத்தபடியாக எதிர்பார்ப்பது மாவட்ட ஆட்சித்தலைவரின் விடுமுறை அறிவிப்பைத்தான். முதலில் பள்ளிகள் மூடப்படுகின்றன. புயல் கடுமையாக இருக்குமெனத் தெரிந்தால் அலுவலகங்களும் வங்கிகளும் மூடப்படுகின்றன. அறிவிப்பு என்னவோ ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரி வீட்டுக்கு வீடு வெவ்வேறு விதமாகப் பொருள்படுகிறது. மாதச் சம்பளம் பெறுவோர் வீட்டில் அது ஒரு நாள் ஓய்வு. முழத்துக்கும் உருப்படிக்கும் கூலி பெறும் நெசவாளர் வீட்டிலும், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்வோர் வீட்டிலும் அது ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. இவ்வேற்றுமையை நம் சங்கங்கள் போதிய அளவு கருதிப் பார்க்கவில்லை என்பது நம் எண்ணம். அது குறித்து அங்கத்தினர்களின் கவனத்தை ஈர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புயல் நாளில் பள்ளிகளையும் அலுவலகங்களையும் மூடுவது தவறென்று நாம் சொல்லவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கிய புயலில், பயணிகளோடு ஒரு ரயில் வண்டியே கடலுக்கு இரையாயிற்று. முன்னெச்சரிக்கையும், அதை மதித்து மக்களை வீட்டில் நிறுத்தி வைப்பதும் எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. எச்சரித்த இடத்துக்குப் புயல் வராமற் போனால், ‘வீண் விடுமுறை’ என்று கேலி பேசுவாரும் உளர். 2024 நவம்பரில் பெஞ்சல் புயல் வலுப்பெறத் தாமதித்து, கடலில் தயங்கி நின்று, இறுதியில் 30ஆம் நாள் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது. அதற்கு முந்திய நாள்களிலேயே காவிரிப் படுகை மாவட்டங்களில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. காற்றின் போக்கை மணிக்கணக்காக அறுதியிட்டுச் சொல்ல இன்றும் இயலாது. குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு நாள் கூடுதலாக மூடுவதே விவேகமாகும். ஆகவே, மூடலாமா கூடாதா என்பது நம் வினா அன்று. மூடுவதால் வரும் சுமையை யார் தாங்குவது என்பதே நம் வினா.

நெசவாளர் நிலையை முதலில் பார்ப்போம். பெஞ்சல் புயல் கரை கடந்த நாளில், ஊழியர்களை வீட்டிலிருந்தே பணி செய்ய அனுமதிக்குமாறு தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களை அரசாங்கம் கேட்டுக் கொண்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைத்தறி நெசவாளர் தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்தே பணி செய்பவர். அவருக்கு வீடே தொழிற்சாலை. மழை பெய்தால் குழித்தறியின் குழியில் நீர் ஊறுகிறது. ஈரக் காற்றில் பாவு நமத்துப் போகிறது, இழை அறுகிறது. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வழியில்லை. புயல் நின்று இரண்டு நாளில் அலுவலகம் திறந்துவிடும். குழியில் ஊறிய நீர் வற்றித் தறி ஓடுவதற்குப் பத்து நாளும் ஆகலாம். மழைக்கால மாதங்களின் கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், கூலிப் பத்தியில் தொகை குறைந்தும் முன்பணப் பத்தியில் தொகை ஏறியும் நிற்பதைக் காணலாம். 1983ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இலவச வேட்டி, சேலைத் திட்டத்துக்கான சரக்குகளைப் பொங்கலுக்குள் முடிக்க வேண்டிய காலமும் இதுவே. வேலை நெருக்கும் மாதத்திலேயே தறி நிற்பது நம் தொழிலின் பெருந்துன்பம்.

இந்நிலையில் பள்ளி மூடப்படுவதால் குடும்பத்தில் நேர்வது யாது? பெரும்பாலான மழை நாள்களில் விடுமுறை பள்ளிகளுக்கு மட்டுமே; பெற்றோரின் வேலைக்கு விடுமுறை இல்லை. பிள்ளை வீட்டிலும் தாய் வேலையிலும் இருக்க வேண்டியதாகிறது. 2019-20ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலிலும் இதைச் சார்ந்த தொழில்களிலும் உள்ள 35 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் தறிப் பொறுப்பும் ஒரே தோளில்தான் விழுகின்றன. ஏரியும் வாய்க்காலும் நிரம்பி ஓடும் நாளில் சிறுவர்களைத் தனியே விட்டு வயலுக்குச் செல்லும் தாயின் மனம் எத்தகையதாக இருக்குமென நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

உணவையும் எண்ண வேண்டும். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலத்துப் பள்ளிகளில் பரவலாகத் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. ஆகவே பள்ளி மூடிய ஒவ்வொரு நாளும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வேளை உணவு தவறுகிறது. வருமானம் நின்ற அதே நாளில் வீட்டு அடுப்பின் செலவு கூடுகிறது. இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மூன்று நாள் பள்ளி இல்லையெனில் பிள்ளை தார் சுற்ற உட்காருகிறது. நான்காம் நாள் பள்ளி திறந்தாலும், ‘இந்தப் பாவு முடியட்டும்’ என்று நிறுத்தி வைக்கும் வீடுகள் உண்டு. படிப்பு விட்டுப் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஆசிரியர்களைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. மழை வந்தால் அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பதே அது. உண்மை வேறு. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஓராண்டில் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் பள்ளி நடைபெற வேண்டுமென விதிக்கிறது. மழையால் இழந்த நாள்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிறார்கள். அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்வியல்லாத பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று சொல்லிவிட்டு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் ஆகியவற்றோடு பேரிடர் நிவாரணத்தையும் விலக்காக வைத்திருக்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தபோது, பள்ளிக் கட்டடங்களே மக்கள் தங்கும் முகாம்களாயின. 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது, பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வே அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று. பொதுத் தேர்வுக்குரிய பாடமோ குறையவில்லை. விடுமுறை விட்டால் ஒரு சாராரும் விடாவிட்டால் மறு சாராரும் குறை சொல்ல, ஆசிரியர் நிலை மத்தளத்தின் நிலையாகிறது. அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

அலுவலகங்கள் மூடப்படுவதன் விளைவை விவசாய அங்கத்தினர்கள் நன்கறிவர். சம்பா நெற்பயிர்க் காப்பீட்டுக்குப் பல மாவட்டங்களில் நவம்பர் 15ஆம் நாள் கடைசி நாளாக வைக்கப்பட்டு வந்திருக்கிறது. அதற்கு அடங்கல் வேண்டும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலர் வேண்டும். பணம் கட்டச் சங்கமோ வங்கியோ பொதுச் சேவை மையமோ திறந்திருக்க வேண்டும். பருவமழை மிகுந்திருக்கும் அந்த வாரத்தில் இவற்றுள் ஒன்று மூடியிருந்தாலும் காரியம் கெடும். சில ஆண்டுகளில் அரசாங்கம் கெடுவை நீட்டித்திருக்கிறது. ஆனால் நீட்டிப்பை நம்பிக் காத்திருப்பது மழையை நம்பிக் குடையை விற்பது போலாகும். 2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் ஒருங்கே மூடப்பட்டதை அங்கத்தினர்கள் நினைவு கூர்வார்கள். அன்று கூலிப் பணம் எடுக்கவும் வழியில்லை.

இவற்றுக்குப் பரிகாரம் என்ன? அரசாங்கத்தை நாம் வேண்டுவன இரண்டு. முதலாவது, இயன்றவரை விடுமுறையை முந்திய நாள் மாலைக்குள் அறிவிக்க வேண்டும். விடிந்த பின் வரும் அறிவிப்பு, முதல் பேருந்தில் ஏறிவிட்ட மாணவனுக்கும் ஆசிரியைக்கும் பயன்படுவதில்லை. இரண்டாவது, விடுமுறை தொடர்ந்து நீடித்தால், தவறிய உணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் குடும்பங்களுக்கு வழங்க வேண்டும். இது புதுமையன்று. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு உலர் பொருள்கள் வழங்கப்பட்டன. அன்று முடிந்தது மழைக்காலத்திலும் முடியும்.

ஆனால் எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் விட்டுவிடுவது கூட்டுறவாளருக்கு அழகன்று. புரட்டாசி மாதத்திலேயே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் ‘மழைக்கால ஏற்பாடு’ என்ற பொருளைத் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டுமென்பது நம் யோசனை. அதில் முடிவு செய்ய வேண்டியவை நான்கு. தெருவில் பாவு தோய்ப்பதற்குப் பதிலாகச் சங்கத்தின் கூரையடியில் எத்தனை பாவுகளை உலர்த்த முடியும் என்று கணக்கெடுத்து இடம் ஒதுக்குதல். விவசாயச் சங்கமாயின் அடங்கலையும் காப்பீட்டு விண்ணப்பங்களையும் அக்டோபருக்குள் சேர்த்து அனுப்புதல். மேட்டு நிலத்தில் உள்ள சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைப் பள்ளி மூடிய நாள்களில் பிள்ளைகளுக்கெனத் திறந்து, வழியில் நீர் நில்லாத தெருக்களின் பிள்ளைகளை அங்கே சேர்த்து, அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் இருவரை ஊதியத்துடன் பொறுப்பாக அமர்த்துதல். தறியில் நீர் புகுந்த குடும்பங்களுக்குக் கடனாக அல்லாமல் உதவியாகவே ஒரு தொகை அளித்தல். புயல் எச்சரிக்கை கடுமையாக உள்ள நாளில் அவ்வறையும் மூடியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். அது சாதாரண மழை நாள்களுக்கும் புயல் ஓய்ந்த பிற்பாட்டு நாள்களுக்கும் உரியது.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 300 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஆளுக்கு மாதம் 20 ரூபாய் ஒதுக்கினால் 54,000 ரூபாய் சேரும். குழியில் நீர் புகுந்த 40 குடும்பங்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் கொடுத்தாலும், பிள்ளைகளின் உணவுக்கும் பொறுப்பாளர் ஊதியத்துக்கும் 14,000 ரூபாய் மிஞ்சும். இலாபத்தில் நடக்கும் சங்கமாயின் பொது நல நிதியிலிருந்தும், துணை விதிகளுக்குட்பட்டுப் பொதுப் பேரவையின் இசைவு பெற்று, ஒரு பகுதி சேர்க்கலாம். ஒரு நெசவாளர் நாளொன்றுக்கு 400 ரூபாய் ஈட்டுவதாகக் கொண்டால், பத்து நாள் தறி நின்றால் அவர் இழப்பது 4,000 ரூபாய். நாம் கொடுக்கும் ஆயிரம் அதில் கால் பங்குதான். ஆயினும் அந்தக் கால் பங்கு, வட்டிக்குக் கொடுப்பவன் வாசலுக்குப் போகாமல் ஒரு குடும்பத்தை இரண்டு வாரம் நிறுத்தி வைக்கும்.

‘சரக்கு வாங்கி விற்பதற்குத்தானே சங்கம், பிள்ளை பார்ப்பதற்கா?’ என்று சிலர் வினவக்கூடும். தாய் தறியில் உட்கார முடியாவிட்டால் சரக்கு எங்கிருந்து வரும் என்பதே நம் விடை. உற்பத்தியைப் பெருக்குக என்று அங்கத்தினருக்கு உபதேசம் செய்யும் நாம், உற்பத்தி எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்து அந்த இழையை முடிய வேண்டாமா?

மழை எல்லோர் கூரையின் மீதும் ஒன்றாகவே பெய்கிறது. இழப்பு மட்டும் சிலர் வீட்டில் அதிகமாக ஒழுகுகிறது. பலர் தாங்கினால் இலேசாகும் சுமையைச் சிலர் மீது விடாமல் பகிர்ந்துகொள்வதற்காகவே கூட்டுறவு தோன்றியது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு தத்தம் சங்கத் தலைவர்களிடம் அங்கத்தினர்கள் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.