எந்தக் கணக்கில் அந்தக் குழந்தை?



திருவாலங்காட்டில் இரத்தின சபையைத் தரிசித்துவிட்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் செங்கல் சூளைகள் தொடங்கிவிடும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே கல் அறுக்கின்றன. ஊரில் நுவாக்காய் என்னும் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் முன்பணம் வாங்கியவர்கள். அப்பா மண் குழைக்க, அம்மா அச்சில் அடிக்க, மூத்த பிள்ளை காய்கிற கல்லைத் திருப்பிப் போடுகிறது. கைக்குழந்தை சேலைத் தூளியில்.

அந்தத் தூளிதான் என் மனத்தைவிட்டுப் போக மறுக்கிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை, 2020 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 13, ஒடிசாவில் 36. அங்கே கருவாகி இங்கே வளரும் இந்தக் குழந்தை எந்தக் கணக்கில் சேரும்? 2020 அக்டோபர் முதல் வெளிமாநில ரேஷன் அட்டைக்கும் இங்கே அரிசி உண்டு. அட்டையோ ஊரில் பாட்டியிடம் இருக்கும். அவரும் சாப்பிட வேண்டுமே. 2024 ஜூலை 15 அன்று அரசு உதவிபெறும் ஊரகப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் விரிந்தது, இதே மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். நெஞ்சு நிறைந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத பிள்ளைக்குத் தட்டு ஏது?

கணக்கில் சேராதவர்கள் இவர்கள் மட்டுமல்லர். கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 2024-இல் வெளியான ஐ.நா. மனித வளர்ச்சிப் பட்டியலில் இலங்கைக்கு 78-ஆம் இடம், இந்தியாவுக்கு 134. 1945-லேயே இலவசக் கல்வி தந்த நாடு அது. அங்கிருந்துதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தார்கள். பள்ளியும் ஆஸ்பத்திரியும் தந்த அரசு, உயிருக்குக் காவல் தரவில்லை. முகாமிலேயே பிறந்து, கல்லூரி முடித்து, சிப்காட்டில் வேலை தேடும் இளைஞர்களில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இந்த நாட்டின் குடிமக்கள் கணக்கிலும் அவர்கள் இல்லை, அந்த நாட்டின் கணக்கிலும் இல்லை.

காரைக்காலிலிருந்து வந்த அம்மையாரைத் திருவாலங்காடு தன் ஊர்க்காரியாகவே வைத்துக் கும்பிடுகிறது. வந்தவர்களை ஏற்பது நமக்குப் புதிதல்ல.

தை பிறப்பதற்குள் சூளைகளுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். பக்கத்தில் வசிக்கும் வாசகர்கள், அங்குள்ள கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். ஊர் அங்கன்வாடி அக்காவையும் உடன் அழைத்துப் போங்கள். பார்த்ததை எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தை அடுத்த முறை உங்களுக்கே தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்