ஹைட்ரஜன் வண்டிக்கு 5 நிமிடத்தில் டேங்க் ஃபுல்... இந்த அவசரம் இந்தியாவுக்குத் தேவையா?

ஹைட்ரஜன் கார் பற்றிய பேச்சு எங்கே வந்தாலும் ஒரு வரி கூடவே வரும்: ‘பெட்ரோல் மாதிரியே அஞ்சு நிமிஷத்துல டேங்க் ஃபுல்!’ எலெக்ட்ரிக் காருக்கு மணிக்கணக்கில் சார்ஜ் போட்டுக் காத்திருப்பவர்களுக்கு ஆசை காட்டும் வரிதான். பொய்யும் இல்லை. டொயோட்டாவின் மிராய் காரில் சுமார் 5.6 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும். நல்ல பம்ப்பில் அதை ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். ஆனால், அந்த ஐந்து நிமிடத்துக்காக பம்ப்புக்குப் பின்னால் என்னவெல்லாம் ஓட வேண்டியிருக்கிறது என்பது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பஸ், லாரி, ரயில் என்று இந்தியா ஹைட்ரஜனில் இறங்கும் இந்த நேரத்தில் பேச வேண்டியது அதைத்தான்.

டேங்க் ஏன் சூடாகிறது?

ஹைட்ரஜன் ரொம்ப லேசான வாயு. ஒரு கார் ஓடுவதற்குத் தேவையான அளவை டேங்கில் அடைக்க 700 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டரை பாருக்குள்தான். சி.என்.ஜி. சிலிண்டரில்கூட சுமார் 200 பார்.

சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பகுதி சுடும் இல்லையா? ஹைட்ரஜன் டேங்கிலும் நடப்பது அதுதான். புதிதாக உள்ளே வரும் வாயு, ஏற்கெனவே இருக்கும் வாயுவை நெருக்கும்போது வெப்பம் ஏறுகிறது. போதாததற்கு ஒரு வினோதம் வேறு. பெரும்பாலான வாயுக்கள் அழுத்தம் குறைந்து வால்வைத் தாண்டும்போது குளிரும். ஹைட்ரஜன் சாதாரண வெப்பநிலையில் நேர் எதிராக, கொஞ்சம் சூடாகும்.

டேங்கோ பிளாஸ்டிக் உள்ளுறை, அதன் மேல் பிசின் கலந்து சுற்றிய கார்பன் ஃபைபர். இரண்டுமே வெப்பத்தைச் சீக்கிரம் வெளியே விடாதவை. 85 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது இதற்கான வரம்பு. அதைத் தாண்டாமல் வேகமாக நிரப்ப ஒரே வழி, வாயுவை முன்கூட்டியே உறைய வைக்கும் அளவுக்குக் குளிர்விப்பது. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த ஜே2601 என்ற நெறிமுறைப்படி, வேகமான பம்ப்புகளில் மைனஸ் 33 முதல் மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்த பிறகே வாயு வண்டிக்குள் போகும்.

பாதுகாப்புக்கு மட்டுமில்லை, அளவுக்காகவும் இது தேவை. பொங்கி வரும் பாலைப் பார்த்து ‘பாத்திரம் நிறைஞ்சிடுச்சு’ என்று சொல்ல முடியுமா? அடுப்பை அணைத்தால் பால் அடங்கிவிடும். சூடான ஹைட்ரஜனும் அப்படித்தான். மீட்டர் 700 பார் காட்டும். டேங்க் ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும், வண்டி எதிர்பார்த்த தூரம் ஓடாது. அதனால்தான் பல கார்கள் தங்கள் டேங்கின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அகச்சிவப்பு சிக்னல் மூலம் பம்ப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தகவல் வராவிட்டால், மோசமான நிலைமையைக் கற்பனை செய்துகொண்டு பம்ப் எச்சரிக்கையாகவே நிரப்பும். வெயில் கூடக்கூட வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. மே மாத டெல்லியை நினைத்துப் பாருங்கள்.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

குளிர்விக்கும் இயந்திரம் வண்டி வந்த பிறகு விழித்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. வண்டியே வராத மதிய நேரத்திலும் மின்சாரம் தின்றுகொண்டு தயாராக நிற்க வேண்டும். அடுத்தடுத்து நாலைந்து வண்டிகள் வந்துவிட்டால் நிலையத்தின் உயர் அழுத்தத் தொட்டிகள் காலியாகி, கம்ப்ரஸர் மறுபடி ஏற்றும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் என்பது முதலில் வருபவருக்குத்தான்! காற்றிலுள்ள ஈரம் உறைந்து, நாசில் காரோடு ஒட்டிக்கொண்டு வர மறுப்பது கலிஃபோர்னியாவில் பழகிப்போன தொல்லை. அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை ஷெல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் மொத்தமாக மூடியது. சப்ளை சிக்கலும் சந்தை நிலவரமும்தான் அது சொன்ன காரணங்கள்.

இந்தியாவில் 2025 மார்ச்சில் மத்திய அரசு 5 சோதனைத் திட்டங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. 37 பஸ், லாரிகள், 9 நிரப்பும் நிலையங்கள், சுமார் 208 கோடி ரூபாய். திருவனந்தபுரம் - கொச்சி, புவனேஸ்வர் - கோனார்க் - பூரி போன்ற ஈரக்காற்று வீசும் கடலோரத் தடங்களும் இதில் உண்டு. சென்னை ஐ.சி.எஃப்.பில் உருவான ஹைட்ரஜன் ரயிலோ ஹரியானாவின் ஜிந்த் - சோனிபட் இடையிலான 89 கி.மீ. தடத்துக்கானது.

இவற்றில் பெரும்பாலானவை எங்கே கிளம்பி எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்த வண்டிகள். டவுன் பஸ் ராத்திரி டெப்போவுக்கு வந்துவிட்டால் விடியும் வரை அங்கேதான் நிற்கப்போகிறது. பஸ்களில் பொதுவாக 350 பார் டேங்க்தான். அதை வெயில் தாழ்ந்த பிறகு மெதுவாக நிரப்பினால் வெப்பம் தானே கசிந்து போகும். மைனஸ் 40 டிகிரி குளிர்விப்பு தேவைப்படாது, மின்சாரச் செலவும் மிச்சம். ஐந்து நிமிட பம்ப்பை டெப்போவில் வைப்பது, வீட்டு விசேஷத்துக்குத் தேவையில்லாத கல்யாண மண்டபத்தை வருஷம் முழுக்க வாடகைக்கு எடுப்பது மாதிரி.

‘நெடுஞ்சாலை லாரிக்கு என்ன பண்றது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமார் 30 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும் லாரியை வழியில் மணிக்கணக்கில் நிறுத்த முடியாது. அங்கே வேகமான பம்ப் வேண்டியதுதான். அதை லாரிகள் உண்மையிலேயே ஓடும் தடங்களில், தேவையைப் பார்த்து வைத்தால் போதும். எல்லா நிலையங்களுக்கும் அதையே அளவுகோல் ஆக்கினால் செலவு எகிறும், பாதி நேரம் இயந்திரம் சும்மா நிற்கும்.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்?

2019 ஜூன் 10. நார்வேயில் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் சாண்ட்விகா என்ற இடத்தில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. அப்போது எந்த வண்டிக்கும் எரிவாயு நிரப்பிக்கொண்டிருக்கவில்லை. நிலையத்தின் உயர் அழுத்தத் தொட்டி ஒன்றின் அடைப்பானில் போல்ட்டுகள் சரியாக முடுக்கப்படவில்லை, அங்கேதான் கசிவு. அதிர்ச்சி அலையில் பக்கத்துச் சாலையில் போன காரின் ஏர்பேக் விரிந்து, உள்ளே இருந்தவர்களுக்கு லேசான காயம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் டொயோட்டாவும் ஹூண்டாயும் அங்கே ஹைட்ரஜன் கார் விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தின.

கவனிக்க வேண்டியது, எவ்வளவு சின்ன வேலையில் பிசகு நடந்தது என்பது. வீட்டு சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. கேஸில் சேர்ப்பது போல வாசனைப் பொருளைச் சேர்க்கவும் முடியாது, ஃப்யூயல் செல் பாழாகிவிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே சென்சார், காற்றோட்டமான கூரை, பயிற்சி பெற்ற ஆள் இந்த மூன்றையும்தான் நம்ப வேண்டும்.

சி.என்.ஜி. பம்ப்பில் ‘எல்லாரும் இறங்குங்க’ என்றால் முணுமுணுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற விதியையும் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. 200 பாரில் பழகிய இந்த அசட்டை 350 பாருக்கும் வரும். அதனால், இந்த 9 நிலையங்களின் ஒப்பந்தங்களில் ‘எத்தனை நிமிடத்தில் நிரப்பும்’ என்ற கேள்விக்கு முன்னால் இன்னும் சில இருக்க வேண்டும்: போல்ட்டை முடுக்கியவர் யார், அதை இரண்டாவதாகச் சரிபார்த்தவர் யார், கசிவு சென்சாரை மாதம் எத்தனை முறை சோதிப்பார்கள், அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?