இஹ்ராம் துணி கைப்பையில் இருக்கட்டும்

உம்ராவுக்குப் புறப்படும் நம் குடும்பங்களில் பெட்டி கட்டும் வேலை பல நாட்கள் நடக்கிறது. ஊறுகாயும் பருப்புப் பொடியும் மறவாமல் இடம்பெறுகின்றன. ஆண்களின் இஹ்ராம் துணியோ சில வேளைகளில் பெரிய பெட்டியின் அடிக்குப் போய்விடுகிறது. இதனைச் சிறு கவனக்குறைவாக நாம் கருதலாகாது.

சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் தரையிறங்கும் முன்பே மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது. சரக்கறையில் உள்ள பெட்டி அப்போது கைக்கு எட்டாது. இஹ்ராமின்றி எல்லையைக் கடந்தவர் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் மக்காவில் ஓர் ஆட்டைத் ‘தம்’மாக அறுக்க வேண்டும் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு.

ஆகவே கைப்பையில் முதலிடம் இரு வெள்ளைத் துணிகளுக்கும் கணுக்கால் மூடாத செருப்புக்கும் உரியது. வீட்டிலேயே உடுத்திப் புறப்படுவது இன்னும் எளிது. நிய்யத்தை மீகாத் நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம். இஹ்ராமில் நறுமணம் விலக்கப்பட்டிருப்பதால், வாசனையற்ற ஈரத்தாள்களும் உடனிருக்கட்டும். முதியோரின் மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கையிலேயே இருத்தல் வேண்டும். இன்சுலினைச் சரக்கறைக்கு அனுப்பினால் குளிரில் உறைந்து கெடக்கூடும்.

வீட்டிலிருந்து புறப்படும் முன், பிள்ளைகளில் ஒருவரேனும் பெற்றோரின் கைப்பையைத் திறந்து பார்த்துவிடுவது நலம்.