டபுள் போன் மோகமும் லேப் குட்டியின் இடுப்பெலும்பும்

புதுக்கோட்டை டவுனிலிருந்து ஆலங்குடி, அறந்தாங்கி, இலுப்பூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரு லேப்ரடாராவது கண்ணில் படாமல் இருக்காது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை எல்லாம் பிறந்த மாநிலத்தில் இது நியாயமா என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். குட்டி வாங்கியாச்சு, வீட்டுக்கும் வந்தாச்சு. அதை எப்படி வளர்க்கிறார்கள் என்பதுதான் இன்றைய வயிற்றெரிச்சல்.

குட்டி விற்கிறவர் ஃபோனில் சொல்லும் முதல் வார்த்தை "டபுள் போன்". இரண்டாவது "ஹெவி சைஸ்". எலும்பு எப்படி டபுளாக இருக்கும் என்று வாங்குகிறவர் கேட்பதே இல்லை. அப்படி ஒரு தனி ஜாதி லேப்ரடார் உலகத்தில் எங்கும் கிடையாது. அமெரிக்கன் கெனல் கிளப்பின் இன வரையறையை எடுத்துப் பார்த்தால், ஆரம்பத்திலேயே லேப்ரடார் ஒரு நடுத்தர அளவு நாய் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆண் சுமார் 29 முதல் 36 கிலோ. பெண் சுமார் 25 முதல் 32 கிலோ. அவ்வளவுதான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு தண்ணீரில் குதித்து வேலை பார்த்த நாய்களின் வம்சம் அது. ஓடவும் நீந்தவும் உருவான உடம்பு. அதைத்தான் இங்கே சோஃபா மாதிரி ஆக்கிவிட்டு, "நம்ம பையன் 45 கிலோ" என்று பெருமை பேசுகிறார்கள்.

இந்தப் பெருமைக்குப் பாதிக் காரணம் அக்கம்பக்கம். சரியான எடையில் இருக்கிற ஆறு மாதக் குட்டியை வாக்கிங் கூட்டிப் போனால் எதிர்வீட்டு அக்கா சும்மா விடமாட்டார். "என்னப்பா, லேப் இப்படி ஒட்டிப்போய் கிடக்கு, சோறு வைக்கிறீங்களா இல்லையா?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பார். குடும்ப மானமே போச்சு! அன்று ராத்திரியே தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு, ஒரு டம்ளர் பால். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளைக்கு ஊட்டுகிற அதே கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், உடம்பைக் கையால் அளக்கத் தெரியாத மாவட்டம் இல்லை இது. சந்தையில் ஆடு வாங்குகிறவர் முதுகெலும்பின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தே கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். வாடிவாசலுக்குக் காளை வளர்க்கிறவர் அதைக் குளத்தில் நீந்தவிட்டு, நடக்கவிட்டு, தீனியை அளந்து வைப்பார். தொப்பை போட்ட காளையை யாராவது ஜல்லிக்கட்டுக்குக் கொண்டுபோவாரா? அப்படிப்பட்ட கைகள் லேப் குட்டியிடம் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றன. அதை ஆட்டுக் கணக்கில் வளர்க்கிறார்கள், கறிக்கு விற்கப்போகிற மாதிரி.

கால்நடை மருத்துவர்கள் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே கை வைத்தியம்தான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். நான்கு அல்லது ஐந்து இருந்தால் சரியான உடம்பு. விலாவில் விரலை லேசாக ஓட்டினாலே எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும், பக்கவாட்டில் வயிறு மேலே ஏறியிருக்க வேண்டும். சுலபமான வழி ஒன்று உண்டு. கையை மூடி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். விலா அப்படி முட்டினால் நாய் மெலிவு. கையை விரித்து உள்ளங்கைச் சதையைத் தடவிப் பாருங்கள். அப்படி மெத்தென்று இருந்தால் குண்டு. விரித்த கையின் புறங்கை மாதிரி இருந்தால் சரி. இதற்குக் காசு கிடையாது, ஆப் கிடையாது.

"ஒல்லியா விட்டா வளர்ச்சி நின்னுடுமே" என்பார்கள். அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 48 லேப் குட்டிகள், 24 ஜோடிகள், எட்டு வாரத்திலிருந்தே கணக்கு. ஜோடியில் ஒன்றுக்கு வழக்கமான அளவு, மற்றதற்கு அதைவிட 25 சதவீதம் குறைவு. ஆயுள் முழுக்க அப்படியே. 2002இல் வெளியான முடிவுப்படி குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவு, மூட்டுவாதமும் தள்ளித்தான் வந்தது. இந்த ஆய்வை நடத்தியது பியூரினா, நாய்த் தீனி விற்கிற கம்பெனி! தன் சரக்கைக் குறைத்துப் போடு என்று வியாபாரியே சொல்கிறபோதாவது கேட்க வேண்டாமா? கிட்டத்தட்ட இரண்டு வருடம், அந்த ஒரு கரண்டிச் சோற்றுக்கு விலை. காமர்ஸ் பாஷையில் சொன்னால், கொழுப்பு கடன் பக்கம் எழுத வேண்டிய ஐட்டம். இங்கே எல்லோரும் அதைச் சொத்துப் பக்கம் எழுதிவிட்டு லாபம் என்று கைதட்டுகிறார்கள்.

"பாவம், பசிக்குதுன்னு கேக்குதே" என்பது அடுத்த வாதம். லேப் எப்போதும் கேட்கும். 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபடி, ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அதனால் அவற்றுக்குச் சாப்பாட்டு ஆசை கூடுதல், எடையும் கூடுதல். அந்தக் கண்ணைப் பார்த்துத் தீனி போட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது.

பெரிய கொடுமை கால்சியம் சிரப். குட்டி வாங்கின கையோடு அதையும் ஒரு பாட்டில் தலையில் கட்டிவிடுகிறார்கள். குட்டியின் உடம்புக்கு முதல் சில மாதங்கள் கூடுதல் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறமை போதாது. கொடுப்பதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். வேகமாக வளர்கிற குட்டிக்கு அது எலும்பு, மூட்டு வளர்ச்சியையே கோணலாக்கலாம். குட்டிகளுக்கென்றே செய்த தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் சிரப் எதற்கு? மறுபக்கம், வெறும் தயிர்ச்சோறும் எலும்பில்லாத சிக்கனும் மட்டும் போட்டால் சத்து சமன் கெட்டு, கால்சியம் பற்றாமல் கால் வளையும். எது தேவை என்று டாக்டர் சொல்லட்டும், கடைக்காரர் வேண்டாம்.

சரி, வளர்ச்சியை எப்படித்தான் பார்ப்பது? வாரம் ஒரு நாள், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் எடை. சின்னக் குட்டி என்றால் மளிகைக்கடைத் தராசு போதும். பெரிதானதும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்துக்கொள்ளலாம். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். கைக்குழந்தைக்கு அங்கன்வாடியில் எடை அட்டை இருக்கிற மாதிரி நாய்க்கும் வந்துவிட்டது. வால்தாம் நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடங்கள் நெட்டில் இலவசம். ஆண், பெண் தனித்தனி, வளர்ந்தபின் இருக்கப்போகும் எடைப்படி தனித்தனி, 12 வாரத்திலிருந்து இரண்டு வயது வரை. அதில் பார்க்க வேண்டியது "எத்தனை கிலோ" என்பதை அல்ல. குட்டி தன் கோட்டிலேயே போகிறதா என்பதை. கோடு விட்டுக் கோடு மேலே தாவினால் தட்டைக் குறைக்க வேண்டும். கீழே சரிந்தால் உடனே டாக்டர்.

ஏனென்றால் நிஜமான மெலிவும் உண்டு. வயிறு மட்டும் பானை மாதிரி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் பூச்சியாக இருக்கலாம். சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கூடுதல் சோறு மருந்து ஆகாது. தடுப்பூசியும் அப்படித்தான். ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்து 16 வாரம் ஆகும்வரை தவணை தவறாமல் போட வேண்டும். ஒரு ஊசியோடு "போட்டாச்சு" என்று நிறுத்தியவர்களின் குட்டிகளைத்தான் பார்வோ வந்து கொண்டுபோகிறது. 2017இல் வந்த மத்திய விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விளம்பரங்களைப் பாருங்கள், "30 நாள் குட்டி ரெடி" என்று இருக்கும்.

இதற்கு மேல் வெயில் வேறு. மே மாத மத்தியானம் மனிதனுக்கே நாக்குத் தள்ளுகிற ஊரில், இரட்டை அடுக்கு முடியோடு, பத்து கிலோ கூடுதல் கொழுப்பையும் சுமந்துகொண்டு, வழுக்கும் டைல்ஸ் தரையில் எழுந்திருக்கப் பார்க்கிற நாயை நினைத்துப் பாருங்கள். நாலு வயதில் மாடிப்படி ஏற மறுக்கும். "சோம்பேறி" என்று சிரிப்பார்கள். இடுப்பு வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்தில் ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் அங்கே போவது நாய் நொண்ட ஆரம்பித்த பிறகுதான். வாங்கும் முன்னால் விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: தாய்க்கும் தகப்பனுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா? பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "அதெல்லாம் எதுக்குண்ணே? குட்டி காலைப் பாருங்க, எம்மாந்தண்டி இருக்கு!"